பிள்ளைப்பேற்றின் செலவு யார் தலையில்?

(கல்முனையில் வணிகர்களும் வேலைக்குச் செல்லும் பெண்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைமை தாங்கும் அம்மையார் அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் முதலாளிமாரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரே, குடும்பநல உத்தியோகத்தர்களே, வேலை விட்ட கையோடு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே,

இந்த மண்டபத்தின் முன்வரிசையில் சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள். பின்வரிசையில் சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் நான் பேச வேண்டும். ஒரு பக்கத்தைத் திட்டி மறுபக்கத்திடம் கைதட்டு வாங்குவது சுலபம். அதனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரு நன்மையும் வராது.

ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வேலை செய்யும் பெண்ணொருத்தி பிள்ளை பெறுகிறாள். அதற்கு நாள் செலவாகிறது, பணம் செலவாகிறது, அவளுடைய உடம்பு செலவாகிறது. இந்தச் செலவை யார் ஏற்பது? அவளா, அவள் முதலாளியா, அல்லது நாம் எல்லோருமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிள்ளைகள் பிறந்தால், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் பிரசவத்தோடு மௌத்தானார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பது அளவில் நிற்கிறது. இது தானாக நடந்ததல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து ஊர் ஊராக மருத்துவமாதர் நியமிக்கப்பட்டார்கள். இலவச வைத்தியம் வந்தது. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று உட்கார்ந்து ஆராயும் முறை வந்தது. இன்று சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு பெண் கர்ப்பமானால், மிட்வைப் மிஸ் வீடு தேடி வருகிறார். பெயர் பதிகிறார். கிளினிக் அட்டை கொடுக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷச் சத்துமாவும் வருகின்றன. பிரசவத்துக்கு அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. எங்களைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றில் ஓர் ஏழைப் பெண்ணுக்கு இவ்வளவு கிடைப்பதில்லை.

ஆனால் இந்தக் கவனிப்பெல்லாம் கடை வாசல் வரைக்கும்தான் வருகிறது. கிளினிக்கில் “நன்றாக ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், பாரம் தூக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவள் அங்கிருந்து நேரே போவது, பத்து மணி நேரம் நிற்க வேண்டிய இடத்துக்கு.

ஒரே வார்டு, நான்கு நிலை

ஒரு கற்பனை செய்து பாருங்கள். ஒரே வார்டில், ஒரே வாரத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நான்கு பெண்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. நால்வரும் நம் ஊர்ப் பிள்ளைகள்.

முதல் கட்டிலில் இருப்பவர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. அவருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் லீவு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் இதில் சேராது. ஆகவே கணக்கில் நான்கு மாதத்தைத் தொட்டுவிடும். வேண்டுமானால் இன்னும் 84 நாட்கள் அரைச் சம்பளத்தோடும், அதற்கு மேல் 84 நாட்கள் சம்பளமில்லாமலும் எடுக்கலாம். கர்ப்பம் ஐந்து மாதம் கடந்த பிறகு அரை மணி பிந்தி வரவும் அரை மணி முந்திப் போகவும் அரசாங்க ஊழியருக்கு வழி இருக்கிறது.

இரண்டாவது கட்டிலில் புடவைக் கடையில் நிற்கும் பிள்ளை. அவளுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை காரியாலய ஊழியர் சட்டம். அதிலும் 84 நாட்கள்தான். பிரசவத்துக்கு முன் 14, பின் 70. வாராந்த விடுமுறை, போயா நாள், சட்டப்படியான விடுமுறை நாட்கள் கழித்து. முழுச் சம்பளம். சட்டத்தின்படி ஆசிரியைக்கும் இவளுக்கும் முதல் 84 நாட்களில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசமெல்லாம், ஆசிரியைக்குக் கிடைக்கிறது, இவளுக்குக் கேட்டால்தான் கிடைக்கும் என்பதில்தான். சில நேரம் கேட்டாலும் கிடைக்காது.

மூன்றாவது கட்டிலில் ஆடைத் தொழிற்சாலைப் பெண். அவளுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அங்கும் 84 நாட்கள், ஆனால் ஞாயிறும் போயாவும் சேர்த்து எண்ணப்படும் 84. சரியாகப் பன்னிரண்டு வாரம். பணமும் சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. இங்கே இன்னொரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. பிரசவத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையில் அவளை வைக்கக் கூடாது.

நான்காவது கட்டிலில் மருதமுனைப் பெண். வீட்டுக் கொல்லைக் கொட்டிலில் தறி வைத்து நெய்பவள். நூல் கொடுப்பவர் ஒருவர், சாரத்தையும் சாரியையும் வாங்கிப் போகிறவரும் அவரே. கூலி துண்டுக் கணக்கு. அவளிடம் போய் “உனக்கு எத்தனை நாள் லீவு?” என்று கேட்டால் சிரிப்பாள். “எனக்கு யாரு லீவு தாறது, தறி தாறதா?”

முன்பெல்லாம் இன்னொரு பாகுபாடும் இருந்தது. முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள். மூன்றாவது பிள்ளையைப் பெற்ற உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று யாரோ கொழும்பில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள் போல! 2018இல் 14ஆம், 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள் வந்து அதை நீக்கின. இன்று எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். பெரிய குடும்பங்கள் உள்ள நம் பகுதிக்கு மிகவும் பயன்படுகிற திருத்தம் இது. பிள்ளை உயிரோடு பிறக்காத துயரம் நேர்ந்தாலும் 42 நாட்கள் லீவு உண்டு. அந்த நிலையில் ஒரு தாய் லீவுக்காக வாதாட முடியாது. ஆகவே அவளைச் சுற்றியிருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

84 நாளுக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கிளினிக்கிலும் அதையே சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு இந்த நாட்டில் தாய்ப்பால் மட்டுமே கிடைத்தது. உலகமே பாராட்டும் எண்ணிக்கை அது.

ஆறு மாதம் என்பது 180 நாள். தொழிற்சாலைப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் கிடைப்பது 70 நாள். மீதி 110 நாள் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

சட்டம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. விடை சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த மண்டபத்தில் அதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குபவர்களை எண்ணிவிடலாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, தாய்க்குப் பாலூட்ட ஒரு நாளில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலையிடத்தில் பிள்ளையை வைத்திருக்கப் பராமரிப்பு அறையோ பொருத்தமான இடமோ இருந்தால், ஒவ்வோர் இடைவேளையும் அரை மணிக்குக் குறையக் கூடாது. அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால், ஒரு மணிக்குக் குறையக் கூடாது. முன்பே தொழிற்சாலைப் பெண்ணுக்கு இருந்த இந்த உரிமை, 2018 திருத்தத்தோடு கடை காரியாலயப் பெண்ணுக்கும் வந்துவிட்டது. இது சாப்பாட்டு இடைவேளைக்குப் புறம்பானது. முதலாளிமாரே, “சாப்பாட்டு நேரத்தில போய்ட்டு வா” என்பது இந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

இந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மருதமுனையிலிருந்து கல்முனைக் கடைத்தெருவுக்குச் சில கிலோமீற்றர். கடையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ஒழுங்கையால் நடந்து, வீட்டுக்குப் போய்க் கை கழுவி, பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்க அரை மணியாவது ஆகும். திரும்பி வர இன்னோர் அரை மணி. பால் கொடுக்க நேரமே மிச்சமில்லை. அதனால் உம்மம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு வருகிறார். ஆட்டோக் கூலி அந்தப் பெண்ணின் சம்பளத்தில். பிள்ளைக்குப் பால் கொடுக்க அவளுக்குக் கிடைப்பது பின்பக்கத்து ஸ்டோர் அறை. பெட்டிகளுக்கு நடுவில், மின்விசிறி இல்லாமல், அபாயாவுக்குள் வியர்த்து விறுவிறுத்து, யாரும் கதவைத் தள்ளிவிடுவார்களோ என்று ஒரு காலால் கதவை அண்டை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பயத்தில் பால் இறங்காது. பால் சுரக்கத் தாயின் மனம் அடங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் மூத்தம்மாமாருக்கும் தெரியும், வைத்தியர்களுக்கும் தெரியும்.

கறந்து வைத்துவிட்டு வரலாமே என்பீர்கள். வரலாம். 25 பாகை வெப்பத்துக்குள் இருந்தால், கறந்த பாலை வெளியில் நான்கு மணி நேரம் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கு நாள் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் கல்முனையில் எந்தக் கடையின் பின்னறை 25 பாகையில் இருக்கிறது? ஒரு மூலையில் திரை, ஒரு நாற்காலி, கை கழுவ ஒரு குழாய், குளிர்பானம் வைக்கும் பெட்டியில் ஒரு சின்ன இடம். இவ்வளவுதான் தேவை. இதைச் செய்ய எந்தக் கடையும் நொடித்துப் போகாது.

நிற்பதும் அடக்குவதும்

பிள்ளை பிறந்த பின்னான கதை இது. பிறக்கும் முன்னான கதை இன்னும் கவனிக்க வேண்டியது.

புடவைக் கடையில் வாடிக்கையாளர் வந்தால் எழும்ப வேண்டும் என்பது சரி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது எந்த வியாபார தர்மம்? நாள் முழுக்க நிற்கும் கர்ப்பிணிக்குக் கால் வீங்கும். நரம்பு புடைக்கும். இடுப்பு நோகும். நெடுநேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் குறைமாதப் பிரசவத்துக்கான ஆபத்தைக் கூட்டக்கூடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாலையில் பாதம் வீங்கி, படுத்தெழும்பினால் வற்றுவது பெரும்பாலும் சாதாரணம். முகமும் கையும் சட்டென்று வீங்கினால், தலை பிளக்கிறாற்போல் வலித்தால், கண் மங்கினால், அது உயர் இரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்று “சாமான் எண்ணிட்டுப் போ” என்று சொல்லாதீர்கள். ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

உட்காருவதும் ஓர் உரிமை என்று கேரளத்தில் புடவைக் கடைப் பெண்கள் உரக்கச் சொன்னார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி, கடைப் பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பை உருவாக்கினார். அவர்கள் தொடங்கிய போராட்டம் கழிப்பறைக்காக. பிறகு அது நாற்காலிக்கானதாக வளர்ந்தது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகளில் ஊழியருக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. துணிக்கடை ஊழியரின் பாட்டைச் சொல்லும் ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விஜி ஏன் கழிப்பறையில் தொடங்கினார்? நம் கடைத்தெருவிலேயே பாருங்கள். எத்தனை கடைகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது? இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். காலையில் வீட்டில் ஒரு கோப்பை தேநீர், பிறகு பகல் வரை ஒன்றுமில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாகப் பற்றும். கவனிக்காவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும், நாளுக்கு முன்னமே வலியைக் கொண்டு வரும். குறைமாதப் பிள்ளை பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது நாம் “நசீப்” என்று சொல்லிவிடுகிறோம். அந்த நசீபில் கட்டப்படாத ஒரு கழிப்பறைக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

நோன்புப் பெருநாள் நெருங்கினால் நம் கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். வியாபாரம் அந்தப் பத்து நாளில்தான், எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் நோன்பையே விட்டுவிட்டுப் பிறகு நோற்கலாம் என்று மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமைக்கே சலுகை இருக்கும்போது, இரவு பதினொரு மணிக்குச் சாரி மடிக்கும் கடமைக்குச் சலுகை இல்லையா?

தறிக் கொட்டிலில்

நான்காவது கட்டில் பெண்ணுக்கு வருவோம். மருதமுனையின் பெயரை நாடறியச் செய்தது கைத்தறி. 2004 கடல்கோள் இந்தக் கரையோரத்தில் உயிர்களோடு தறிகளையும் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் எழுந்து நின்ற தொழில் அது. அதில் நூல் சுற்றுவது, தார் போடுவது, நெய்வது என்று எத்தனையோ கைகள் பெண்களுடையவை.

தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? நெய்த துணி சுற்றிக்கொள்ளும் மரம் சரியாக அவள் வயிற்றுக்கு முன்னால் இருக்கிறது. மாதம் ஏற ஏற, வயிற்றுக்கும் அந்த மரத்துக்கும் இடைவெளி குறைகிறது. நாடாவை வீசவும் அச்சை இழுத்து அடிக்கவும் அவள் முன்னால் குனிய வேண்டும். எட்டாம் மாதத்தில் குனிய முடியாது. அதனால் உடம்பை ஒரு பக்கம் திருப்பி நெய்கிறாள். முதுகு போகிறது. இரண்டு காலும் மிதியை மாறி மாறி அழுத்த வேண்டும். சாயம் போடும் வீடுகளில் கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் கொதிக்கிற ஆவி வருகிறது. பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பக்கமே போகக் கூடாது. பஞ்சுத் தூசி எப்போதும் மூச்சோடு போகிறது. இதையெல்லாம் பார்த்து எழுதிப் போக அவள் கொட்டிலுக்கு எந்தத் தொழில் பரிசோதகரும் வருவதில்லை. அது வீடு, தொழிலிடம் அல்ல என்று கணக்கு.

துண்டுக் கூலி என்றால் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நாளும் வருமானமில்லாத நாள். ஆகவே அவள் கடைசி நாள் வரை நெய்கிறாள். நாற்பது நாள் முடியும் முன்னமே மறுபடி தறியில் உட்காருகிறாள். நூல் கொடுப்பவரும் பெரிய பணக்காரரல்ல. அவரைப் பிடித்து 84 நாள் கூலி கேட்டால், அடுத்த வாரம் நூல் வேறு வீட்டுக்குப் போகும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் மகப்பேற்றுப் பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1996இல் தனிச் சமவாயமே கொண்டுவந்தது. நம் நாடு அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதலாளியின் கணக்கு

முதலாளிமார் இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்தீர்கள். இப்போது உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன்.

மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கடை. ஒரு பிள்ளைக்குச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைப்போம். 84 வேலை நாள் என்றால் மூன்றரை மாதம். ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய். அவள் இடத்தில் நிற்க வேறொருவருக்கும் அதே சம்பளம். பெரிய நிறுவனத்துக்கு இது தூசு. சின்னக் கடைக்கு இது ஒரு பெருநாள் லாபம். அதனால்தான் “கல்யாணம் முடிச்சாச்சா? அப்ப வேணாம்” என்ற பேச்சு வருகிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும், “இந்த நெலையில எதுக்கு மகள் கஷ்டப்படுறாய், கொஞ்ச நாள் நின்டுகொள்ளு” என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். இவர்கள் நீக்குவதில்லை. அவளாகவே நின்றுவிட்டாள் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

இதைத் தனி மனிதர்களின் கெட்ட குணம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். இது சட்டத்தின் அமைப்பிலேயே உள்ள கோளாறு. மகப்பேற்றின் முழுச் செலவையும் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே ஒருவர் தலையில் கட்டினால், பெண்ணை வேலைக்கு எடுக்காதவருக்குத்தான் லாபம். நல்லவர் நட்டப்படுகிறார், தந்திரக்காரர் தப்பிக்கிறார். சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயம் இதை 1952லேயே சொல்லிவிட்டது. மகப்பேற்று நன்மைச் செலவுக்கு முதலாளி தனிப்பட்ட முறையில் பொறுப்பாளியாகக் கூடாது, காப்புறுதியோ பொது நிதியோ அதை ஏற்க வேண்டும் என்று. இலங்கை அந்தச் சமவாயத்தை 1993இல் ஏற்றுக்கொண்டது. இன்று வரை அந்த வாசகத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

முடியாத காரியமா? பக்கத்து நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டத்தின் கீழ் வரும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தையும் காப்புறுதி நிதியே கொடுக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் மாதா மாதம் போட்ட சிறு பணத்தில் சேர்ந்த நிதி அது. முதலாளியே இல்லாத ஏழைப் பெண்ணுக்கும் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேற்று உதவித் திட்டம் நடக்கிறது. 18,000 இந்திய ரூபாய் வரை, தவணை தவணையாக. நமக்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. கர்ப்பிணிக்கு 20,000 ரூபாய் பெறுமதியான போசாக்குப் பொதித் திட்டம் 2015இல் இங்கேயே தொடங்கியது. அந்தத் திட்டத்தில் யாரும் “உன் முதலாளி யார்?” என்று கேட்கவில்லை. கிளினிக் அட்டை இருந்தால் போதும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் முப்பது வருடம் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளை பெறுகிறாள். 360 மாதத்தில் ஏழு மாதம் லீவு. அவள் வாழ்நாள் சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. ஆண் பெண் எல்லாருடைய சம்பளத்திலும் இதைப் பரப்பினால் இன்னும் சுருங்கும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளிமார் 1981ஆம் ஆண்டிலிருந்து நூற்றுக்கு மூன்று கட்டி வருகிறீர்கள். பணம் சேர்க்கும் வழியும் கணக்கு வைக்கும் சபையும் ஏற்கனவே இருக்கின்றன. நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவில் மகப்பேற்று நிதி ஒன்று அதனருகில் வந்தால், மூன்று பேர் உள்ள கடை மாதம் 900 ரூபாய் கட்டும். பதிலாக அந்த ஒரு லட்சத்து ஐயாயிரமும் நிதியிலிருந்து வரும். கல்யாணம் முடித்தவளா என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது. இதைக் கேட்க வேண்டியவர்கள் பெண்கள் மட்டுமல்ல. முதலில் கேட்க வேண்டியவர்கள் வர்த்தக சங்கத்தினர்.

நம்மிடம் ஏற்கனவே உள்ளது

செலவைப் பகிர்வது நமக்குப் புதிதல்ல. இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே பிள்ளை பெற்ற பெண் தன் உம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். ராத்தா அடுத்த வளவில். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பது கொழும்பில் வாடகை அறையில் பிள்ளை வளர்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் உம்மம்மாவின் முதுகில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, சட்டமும் முதலாளியும் கை கழுவ முடியாது. அவருக்கும் நீரிழிவு இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது.

வாப்பாமார் எங்கே? அரசாங்க ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் லீவு உண்டு. தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. குர்ஆன் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் அதே இடத்தில், அந்தத் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பாலூட்டும் தாயின் பாடு அவளுடைய தனிப் பாடல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ஊர்ப் பெண்கள் வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போவதும் இதோடு சேர்ந்த கதைதான். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாயைப் போக விடவில்லை. 2021இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நன்மைக்காக என்றார்கள். பிள்ளையின் நன்மைக்குத் தாயைத் தடுத்து வைத்த அரசாங்கம், ஊரில் நின்று உழைக்க அவளுக்கு என்ன செய்து கொடுத்தது? ஊரில் அவளுக்கு மரியாதையான வேலையும் பிள்ளையை விட்டுப் போக ஓர் இடமும் இருந்திருந்தால், எத்தனை பேர் ரியாத்துக்குப் போயிருப்பார்கள்?

நாளைக்கே செய்யக்கூடியவை

பின்வரிசைத் தங்கச்சிமாருக்கு. வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதம் கேளுங்கள். சட்டப்படி கடை ஊழியருக்கு அதைக் கொடுக்க வேண்டும். சம்பளத் துண்டு, சேமலாப நிதி இலக்கம் எதையும் தொலைக்காதீர்கள். கர்ப்பம் உறுதியானதும் எழுத்தில் அறிவியுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். “நின்டுகொள்ளு” என்றால், வாயால் சரி என்று சொல்லிவிட்டு வராதீர்கள். வேலையை விடுகிறேன் என்ற எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யக் காசு தேவையில்லை. வேலை நீக்கம் என்றால் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பிள்ளைப்பேற்றுக் களைப்பில் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். அதனால் வீட்டிலுள்ள ஒருவர் நாளைக் குறித்து வையுங்கள்.

முன்வரிசை முதலாளிமாருக்கு. ஒரு நாற்காலி, ஒரு கழிப்பறை, ஒரு திரை. இந்த மூன்றுக்கும் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. தனித்தனியாக முடியாவிட்டால், கடைத்தெருவில் பத்துக் கடை சேர்ந்து ஒரு பிள்ளைப் பராமரிப்பு அறை வையுங்கள். பெண் நடந்து போகும் தூரத்தில் பிள்ளை இருந்தால், ஒரு மணி இடைவேளை அரை மணியில் முடியும். ஆட்டோக் கூலியும் மிச்சம். உங்களுக்கும் லாபம், அவளுக்கும் லாபம்.

பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கு. தறிப் பெண்ணுக்கும் தையல் பெண்ணுக்கும் மத்ரஸாவில் சொற்பச் சம்பளத்துக்கு ஓதிக்கொடுக்கும் முஅல்லிமாவுக்கும் சட்டத்தில் இடம் கிடைக்க நாளாகும். அதுவரை மூன்று மாதக் கூலியில் ஒரு பங்கையாவது பிரசவ உதவியாகக் கொடுக்க ஊரில் ஒரு நிதி தொடங்கலாம். வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பாலூட்டும் இடைவேளை சட்டப்படியானது என்று சொல்லுங்கள். பத்துக் கருத்தரங்கு செய்யாததை அது செய்யும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பாலமும் கொங்கிறீட் வீதியும் கேட்போம், கேட்க வேண்டும். அதோடு, 1993இல் நாடு ஏற்றுக்கொண்ட சமவாயத்தின்படி மகப்பேற்று நிதி எப்போது வரும் என்றும் கேளுங்கள். பதில் தெரியாத வேட்பாளருக்கு இந்த உரையின் பிரதியைக் கொடுங்கள். பதில் சொன்னால், எழுதி வாங்குங்கள்.